ஒரு வருஷம் ஆச்சு, சபையில சாட்சி சொல்லச் சொல்றாங்க. முழுசா குணமாகாத நான் என்னன்னு சொல்றது?

மெதுவாநடப்பவள்:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும்தான் இருக்கேன், எழுதுறது இப்பதான். கொஞ்சம் நீளமாத்தான் போகும், விட்டு விட்டு டைப் பண்றேன், சாயங்காலம் ஆச்சுன்னா விரல் சொன்ன பேச்சு கேக்காது.

போன வருஷம் எனக்கு ஜிபிஎஸ் வந்துச்சு, கில்லன் பாரே சிண்ட்ரோம்னு முழுப்பேரு. கேள்விப்படாதவங்களுக்காக சொல்றேன், கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி ஆள் மாறி நம்ம நரம்பையே அடிச்சிடும், அதான் இந்த வியாதி. வருஷத்துக்கு லட்சம் பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்குத்தான் வருமாம். எனக்கு முதல்ல வயித்துப்போக்கு, அது நின்னு ஒரு வாரம் பத்து நாள்ல பாதம் ரெண்டும் ஜிவ்வு ஜிவ்வுன்னு இருக்க ஆரம்பிச்சுது. நடந்து போறப்ப ஒரு கால் செருப்பு கழண்டு பின்னாடியே கெடக்கு, எனக்குத் தெரியவே இல்ல, சின்னவன் எடுத்துட்டு ஓடி வந்து குடுத்தான். மறுநாள் படி ஏற முடியல, அதுக்கடுத்து கை தூக்க முடியல, அப்புறம் எச்சில் முழுங்க முடியல, மூச்சு வாங்க ஆரம்பிச்சதும் ஐசியூ, வென்டிலேட்டர், கொஞ்ச நாள்ல தொண்டையில ஓட்டை போட்டு குழாய். எல்லாம் மளமளன்னு.

இதுல கொடுமை என்னன்னா உடம்பு முழுக்க அசையாது ஆனா புத்தி முழிச்சிட்டே இருக்கும். யார் வர்றாங்க, என்ன பேசிக்கறாங்க எல்லாம் கேக்கும். என் பெரியவ ஒரு அட்டை செஞ்சு கொண்டு வந்தா, உயிரெழுத்து ஒரு வரிசை, மெய்யெழுத்து ஒரு வரிசை, கால், கொம்பு, புள்ளி எல்லாம் கீழ தனியா. ஒவ்வொண்ணுமேல விரல் வெச்சுக்கிட்டே வருவா, சரியான எழுத்து வந்தா நான் கண்ணை மூடித் திறக்கணும். நாலு எழுத்து சொல்றதுக்குள்ள ரெண்டு பேருக்கும் வேர்த்துடும். நான் முதமுதல்ல சொன்ன வார்த்தை "மூக்கு". மூக்கு அரிச்சுது, அவ்வளவுதான், காலையிலேருந்து அரிச்சுது, சொறிஞ்சு விட ஆளில்ல.

இதை எதுக்கு சொல்றேன்னா, என் மாமியார் இப்ப எல்லார்கிட்டயும் நான் சொன்ன முதல் வார்த்தை "இயேசுவே"ன்னு சொல்லிட்டு இருக்காங்க. நான் பக்கத்துல உக்காந்திருக்கும்போதே சொல்றாங்க. பொய் சொல்றவங்க இல்ல, ராப்பகலா எனக்காக முழங்கால்ல நின்னவங்க, அவங்க மனசுல அப்படித்தான் பதிஞ்சிருக்கு போல. நானும் மறுத்துப் பேசல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஒரு வருஷம் நிறையுது, சபையில ஸ்தோத்திரக் கூட்டம் வெச்சு நான் சாட்சி சொல்லணும்னு பாஸ்டரும் வீட்டுக்காரரும் முடிவே பண்ணிட்டாங்க. கர்த்தர் பூரண சுகம் கொடுத்தார்னு சொல்லணுமாம். எனக்கு நாலு விதத்துல இடிக்குது.

பூரண சுகமெல்லாம் இல்ல. நடக்கறேன், உண்மைதான், ஆனா வலது கால்ல ஸ்பிளிண்ட் போட்டாத்தான் பாதம் தொங்காம நடக்க முடியும், கால்விரல் இன்னும் மரமரன்னுதான் இருக்கு, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல ஆளு காலி. அது முதல் இடி. அடுத்தது, ஐசியூல நான் ஜெபமே பண்ணல. பண்ண முடியல. மத்தவங்க எல்லாம் பண்ணாங்க, நான் மேல இருக்க ஃபேனைப் பாத்துட்டு கிடந்தேன், மனசுக்குள்ள ஒரு வசனம் கூட வரல, வந்ததெல்லாம் கோவம்தான்.

அப்புறம் என் பெரியவ. கூட்டத்துக்கு வரமாட்டேங்கறா. காரணம் கேட்டா ரொம்ப நாள் சொல்லல, போன மாசம் ராத்திரி வந்து படுத்துக்கிட்டு சொன்னா, "நீ விசுவாசமா ஜெபம் பண்ணுனா அம்மா பிழைச்சிப்பா"ன்னு யாரோ அவகிட்ட சொல்லியிருக்காங்க, அதுலேருந்து தூங்கினா நான் செத்துடுவேனோன்னு பயந்து பயந்து முழிச்சிட்டு இருந்திருக்கா. பதிமூணு வயசுப் பிள்ளை.

கடைசியா, எனக்காக ஜெபம் பண்ண அதே லிஸ்டுல என் பேருக்குக் கீழ இன்னொருத்தர் பேரு இருந்துச்சு. அதே வாரங்கள், அதே ஜெபக்குழு, அதே உபவாசம். அவர் போயிட்டார். அவரோட மனைவி எங்களுக்கு ரெண்டு வரிசை முன்னாடிதான் உக்காருவாங்க. நான் மைக்கைப் பிடிச்சு "ஜெபத்தைக் கேட்டார்"னு சொன்னா அவங்க முதுகு என்ன நினைக்கும்?

எனக்கு விசுவாசம் இல்லாம போயிடல, அதை யாரும் தப்பா எடுத்துக்க வேண்டாம். நன்றி இருக்கு, நிறைய இருக்கு. சொல்லணுமா வேண்டாமா, சொன்னா எப்படிச் சொல்றதுன்னுதான் புரியல. இந்த மாதிரி பெரிய வியாதியிலேருந்து மீண்டவங்க, கூட இருந்து பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

நைட்டுடியூட்டி:

அக்கா, நான் ஐசியூ நர்ஸ், ஜிபிஎஸ் பேஷண்ட் சில பேரைப் பாத்திருக்கேன். சாட்சி பத்திப் பேச எனக்குத் தகுதி இருக்கான்னு தெரியல, "முழுசா குணமாகாத நான்"னு தலைப்புல போட்டிருக்கீங்களே அதைப் பத்தி மட்டும் சொல்றேன்.

ஜிபிஎஸ்ல ஒரு வருஷம்ங்கறது முடிவு இல்ல. நரம்பு ஒரு வயர்னு வெச்சுக்கங்க, சில பேருக்கு மேல இருக்க உறை மட்டும் போகும், அது கொஞ்சம் சீக்கிரம் திரும்ப வளந்துடும். சில பேருக்கு உள்ள இருக்க கம்பியே அடிபடும். அது திரும்ப வளர்றது சுமாரா ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குதான். முதுகுத்தண்டுலேருந்து கால்விரல் வரைக்கும் எவ்வளவு தூரம்னு நீங்களே போட்டுப் பாத்துக்கங்க. கால்விரல் கடைசியா வர்றதுல ஆச்சரியமே இல்ல, ஒரு வருஷம் தாண்டியும் முன்னேற்றம் தெரியறவங்க உண்டு. ஆறு மாசத்துல நூத்துக்கு எண்பது பேர் வரைக்கும் துணையில்லாம நடந்துடுவாங்க. அசதி மட்டும் ரொம்பப் பேருக்கு, பாதிக்கு மேலேயே, தொடர்ந்து இருக்கும். அதுக்கு ஒரே வழி, களைச்சுப் போனப்புறம் உக்காராம களைக்கறதுக்கு முன்னாடியே உக்காந்துடறது. "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு"ன்னு வீட்ல யாராவது சொன்னா என்கிட்ட அனுப்புங்க.

ஜெபம் பண்ண முடியலன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுக்கு நீங்க குத்தமே எடுத்துக்காதீங்க. ஐசியூல தூக்கம் கிடையாது, மருந்து வேற, சில பேருக்கு சுவத்துல பூச்சி ஊர்ற மாதிரி, யாரோ கொல்ல வர்ற மாதிரியெல்லாம் தெரியும், டெலிரியம்னு சொல்லுவோம். ஜிபிஎஸ்ல பிபி, நாடித்துடிப்பு எல்லாம் வேற இஷ்டத்துக்கு ஏறி இறங்கும். அந்த நிலைமையில வசனம் ஞாபகம் வரலன்னா அது விசுவாசக் குறைச்சல் இல்ல, மூளை அப்ப உயிரைக் காப்பாத்தற வேலையில இருந்துச்சு.

இன்னொண்ணு. உங்களுக்கு அஞ்சு நாள் ஐவிஐஜி ஏத்தியிருப்பாங்க, இல்லன்னா பிளாஸ்மா (ரத்தத்துல இருக்க மஞ்சள் தண்ணி மாதிரி பாகம்) மாத்தியிருப்பாங்க, ரெண்டுல ஒண்ணுதான் இதுக்கு வைத்தியம், ரெண்டும் ஒரே அளவு வேலை செய்யும். ஐவிஐஜின்னா அந்தக் கண்ணாடி பாட்டில் ஞாபகம் இருக்கா, லேசா நுரைச்சுக்கிட்டு மெதுவா சொட்டும். அது ஃபேக்டரியில மருந்து கலந்து செய்யறது கிடையாது. ஆயிரத்துக்கு மேல ஆளுங்க குடுத்த பிளாஸ்மாவை ஒண்ணா சேத்து அதுலேருந்து ஆன்டிபாடியை, அதாவது கிருமியை எதிர்க்கற புரதத்தை, பிரிச்சு எடுக்கறது. ஒரு பேட்சுக்கு குறைஞ்சது ஆயிரம் பேர்ங்கறது விதி, நடைமுறையில அதுக்கும் மேலயே போகும். என்ன சாதி, என்ன மதம், சாமி கும்பிடறவங்களா இல்லையான்னு ஒண்ணும் தெரியாத அவ்வளவு பேரோட பிளாஸ்மா உங்க கையில ஏறியிருக்கு. நான் ஒவ்வொரு தடவை அந்த பாட்டிலை மாட்டறப்பவும் நினைச்சுக்குவேன். உங்க சாட்சியில அவங்களுக்கு ஒரு வரி இருந்தா நல்லா இருக்கும்.

கேள்வியின்நாயகன்22:

தப்பா நினைக்காதீங்க, நான் நம்பிக்கை இல்லாதவன், ஆனா கிண்டல் பண்ண வரல.

2006ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, ஹெர்பர்ட் பென்சன்னு ஒரு டாக்டர் தலைமையில, பைபாஸ் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 1,802 பேரை வெச்சு ஆறு ஆஸ்பத்திரியில பண்ணது. மூணு குழு. ஒரு குழுவுக்கு ஜெபம் பண்ணாங்க ஆனா அவங்களுக்கு உறுதியா சொல்லல, இன்னொரு குழுவுக்குப் பண்ணல அவங்களுக்கும் சொல்லல, மூணாவது குழுகிட்ட உங்களுக்காக கண்டிப்பா ஜெபம் நடக்குதுன்னு சொல்லிட்டே பண்ணாங்க. ஒரு மாசத்துல சிக்கல் வந்தவங்க முதல் குழுவுல 52 சதவீதம், ரெண்டாவதுல 51, வித்தியாசமே இல்ல. தங்களுக்கு ஜெபம் நடக்குதுன்னு உறுதியா தெரிஞ்ச மூணாவது குழுவுலதான் 59, அதிகம். ஏன்னு யாருக்கும் தெளிவா தெரியல, "எனக்கு இவ்வளவு ஜெபம் தேவைப்படற அளவுக்கு மோசமா இருக்கேனா"ன்னு பயந்திருக்கலாம்னு சில பேர் சொன்னாங்க.

அதனால ஜெபத்தாலதான் பிழைச்சேன்னு மேடையில சொன்னா, நீங்க சொன்ன அந்தக் குடும்பத்தை மட்டும் இல்ல, அந்த நர்ஸ் சொன்ன ஆயிரம் பேரையும் அழிச்சிடறீங்க. எனக்கு அதுதான் உறுத்துது. உங்க பொண்ணு பக்கம் நான்.

பழையதாத்தா:

மகளே, நான் ஊழியத்துல இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கும் குடல்ல கேன்சர் வந்து வெட்டி எடுத்து, பக்கத்துல பை மாட்டிக்கிட்டு இருக்கேன், அது என்னோடயே இருக்கும், கழட்ட முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அந்தப் பையோடதான் பிரசங்கம் பண்ணேன், நடுவுல அது சத்தம் போடும், வேற வழியில்ல, நானும் சிரிச்சிடுவேன்.

மேல தம்பி சொன்ன ஆய்வு எனக்குத் தெரியும். ஜெபத்தை மருந்து மாதிரி டோஸ் போட்டு அளந்தா அப்படித்தான் வரும், அதுல எனக்குத் தம்பிமேல கோவம் இல்ல. ஜெபத்தை அப்படி விக்கறவங்கமேலதான் கோவம்.

பூரண சுகம்னு சொல்லித்தான் ஆகணுமா? மாற்கு எட்டாம் அதிகாரத்துல பெத்சாயிதா ஊர் குருடன் இருக்கான். ஆண்டவர் முதல் தரம் தொட்டதும் அவனுக்கு அரைகுறையாத்தான் தெரிஞ்சுது, மனுஷங்க மரங்கள் நடக்கற மாதிரி தெரியறாங்கன்னு சொன்னான். மறுபடி தொட்டாரு. அவன் முதல்லயே பயந்துக்கிட்டு "நல்லா தெரியுது ஆண்டவரே"ன்னு சொல்லியிருந்தா? உள்ளதைச் சொன்னான், அது ஆண்டவருக்கு அவமானமா படல. நீ ஸ்பிளிண்டோட நின்னு உள்ளதைச் சொல்லு.

வைத்தியத்தைச் சொன்னா மகிமை குறையும்னு யாராவது சொன்னா, எசேக்கியா ராஜாவைப் படிக்கச் சொல்லு. ஜெபம் பண்ணான், பதினஞ்சு வருஷம் ஆயுசு கூட்டிக் கொடுத்தார், அதே அதிகாரத்துல அத்திப்பழ அடையைப் புண்ணுமேல பத்து போடுங்கன்னும் ஏசாயா சொல்றாரு. பத்து போட்டது யாருன்னு பேர் இல்ல, உங்க ஐவிஐஜி ஆளுங்க மாதிரிதான் அவங்களும்.

இறந்துபோனவர் விஷயம் வேற. அதுக்கு என்கிட்ட விளக்கம் இல்ல. அப்போஸ்தலர் பன்னிரண்டாம் அதிகாரத்துல ஏரோது யாக்கோபை வாளால வெட்டிடறான், அதே அதிகாரத்துல பேதுருவை சிறையிலேருந்து தூதன் வந்து கூட்டிட்டுப் போறான். இவனை ஏன் விட்டார், அவனை ஏன் எடுத்தார்னு வேதம் ஒரு வரி கூட எழுதல. ஐம்பது வருஷமா எத்தனையோ பேர் அதுக்கு விளக்கம் சொல்லிக் கேட்டிருக்கேன், ஒண்ணும் எனக்கு ஒட்டல. வேதம் சும்மா இருக்கற இடத்துல நாம பேசாம இருக்கணும்.

மெதுவாநடப்பவள்:

ஐயா, பை சத்தம் போடும்ங்கற இடத்துல நான் சத்தமா சிரிச்சிட்டேன், வீட்டுக்காரர் என்னாச்சுன்னு ஓடி வந்துட்டார். இப்பல்லாம் நான் சிரிச்சாலும் இருமினாலும் ஓடி வர்றார். ராத்திரி நான் மூச்சு விடறேனான்னு கையை மூக்குகிட்ட வெச்சுப் பாக்கறது எனக்குத் தெரியும், தூங்கற மாதிரி படுத்துக்குவேன். அவரை என்ன பண்றதுன்னே தெரியல, கூட்டம் வெக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறதும் அவர்தான்.

நர்ஸ் தங்கச்சி, அந்த பாட்டில் நுரை எனக்கு ஞாபகம் இருக்கு. அதை எத்தனை மணி நேரம் பாத்திருப்பேன்.

மூணுவருசகணவன்:

சிஸ்டர் உங்க வீட்டுக்காரர் பத்தி எழுதினதால நான் எழுதறேன், என் மனைவிக்கும் இதே ஜிபிஎஸ்தான், மூணு வருஷம் ஆகப்போவுது, நல்லா இருக்கா, வேலைக்குப் போறா, கால்விரல்ல மட்டும் அப்பப்ப ஷாக் அடிக்கற மாதிரி இருக்குன்னுவா.

நானும் ராத்திரி மூக்குகிட்ட கை வெச்சுப் பாத்தவன்தான், ஒரு வருஷத்துக்கு மேல பாத்தேன், அவ நல்லா நடக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் எனக்கு ஜாஸ்தியாச்சு, ஆஸ்பத்திரியில இருந்தவரைக்கும் ஓடிட்டே இருந்தேன் ஒண்ணும் தெரியல, ஃபார்ம் கையெழுத்து போடு, ரத்தம் ஏற்பாடு பண்ணு, பணம் கட்டு, பிள்ளைங்களை ஸ்கூல்ல விடு, யார் ஃபோன் பண்ணாலும் "நல்லா இருக்கா, ஜெபம் பண்ணிக்கங்க"ன்னு சொல்லு, இதுலயே நாள் ஓடிடுச்சு, அவ வீட்டுக்கு வந்து எல்லாரும் போயிட்டாங்க, அப்பதான் எனக்கு கை நடுங்க ஆரம்பிச்சுது, வென்டிலேட்டர் அலாரம் மாதிரி எங்கயாவது ஒரு பீப் சத்தம் கேட்டா போதும், மைக்ரோவேவ் முடிஞ்ச சத்தம் கூட, அப்படியே வேர்த்துடும். டாக்டர்கிட்ட போனதுக்கு அப்புறம்தான் சொன்னாரு, ஐசியூலேருந்து வந்தவங்களுக்கு மட்டும் இல்ல, குடும்பத்துக்கும் இது வரும்னு, பதட்டம், தூக்கமின்மை, பயங்கரக் கனவு, இதுக்குன்னே பேரு வெச்சிருக்காங்களாம், பிக்ஸ்னு, குடும்பத்துக்கு வர்றதுக்குத் தனிப்பேரு. எனக்கு கவுன்சிலிங் போனது உதவிச்சு, மறைக்க ஒண்ணுமில்ல.

அவர் ஏன் கூட்டம் வெக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாருன்னு எனக்குத் தோணுதுன்னா, அவருக்கு "முடிஞ்சுது"ன்னு ஒரு நாள் வேணும். நாலு பேர் முன்னாடி பூரண சுகம்னு சொல்லிட்டா அது திரும்ப வராதுன்னு ஒரு கணக்கு. எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. ஜிபிஎஸ் திரும்ப வர்றது நூத்துல ரெண்டுலேருந்து அஞ்சு பேருக்குத்தான்னு நியூராலஜிஸ்ட் சொன்னதை அவர் காதால கேக்கற மாதிரி ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க, உங்க செக்கப்புக்கு வர்றப்ப வெளிய உக்கார வெக்காதீங்க, உள்ள கூட்டிட்டுப் போய் அவர் கேள்வியை அவரே கேக்கட்டும். என் விஷயத்துல பாதி பயம் அங்கயே போச்சு, மீதி போக நாளாச்சு.

பொண்ணு விஷயத்துல, தயவுசெஞ்சு கூட்டத்துக்கு வான்னு கட்டாயப்படுத்தாதீங்க. எங்க பையன் ஒரு வருஷம் கழிச்சுதான் அவங்கம்மா கழுத்துல இருக்க தழும்பைத் தொட்டுப் பாத்தான், அதுவரைக்கும் அந்தப் பக்கமே பாக்கமாட்டான். உங்க பொண்ணுகிட்ட யாராவது பெரியவங்க, முக்கியமா அந்த வார்த்தையைச் சொன்னவங்களே, "உன் ஜெபத்தாலயும் அம்மா பிழைக்கல, உன் தூக்கத்தாலயும் சாகமாட்டாங்க, அது உன் வேலையே இல்ல"ன்னு நேரா சொல்லணும். ஒரு தடவை சொன்னா போதாது.

இரண்டாம்வரிசை:

நான் உங்க சபை இல்ல, ஊரும் வேற. ஆனா உங்க முன்னாடி ரெண்டு வரிசையில உக்காந்திருக்கறவங்க இடத்துலதான் நானும் இருக்கேன். என் கணவருக்கு செப்சிஸ், கிருமி தொத்தி உடம்பு முழுக்க பாதிக்கறது. பதினோரு நாள் ஐசியூ. எங்களுக்கும் ஜெபக்குழு இருந்துச்சு, எல்லாரும் உண்மையாத்தான் ஜெபிச்சாங்க.

அவர் போன அடுத்த மாசம் ஒருத்தர் சாட்சி சொன்னார், நெஞ்சுவலி வந்து பிழைச்சவர், நல்ல மனுஷன். "நாங்க விடவே இல்ல, கர்த்தரைப் பிடிச்சுக்கிட்டோம், அவர் இறங்கினார்"னு சொன்னார். நான் எழுந்து வெளிய போகல, போனா எல்லாரும் பாப்பாங்களேன்னு உக்காந்தே இருந்தேன், ஆனா அன்னைக்கு வீட்டுக்கு வந்து என் பையன் கேட்டான், "நம்ம விட்டுட்டோமாம்மா?"ன்னு. எட்டு வயசு.

எனக்குப் பாவப்பட்டு உங்க சாட்சியைச் சுருக்கிக்காதீங்க. நீங்க உயிரோட இருக்கீங்க, நடக்கறீங்க, பிள்ளைங்களுக்கு அம்மா இருக்கு, அதைக் கேக்க எனக்குத் தெம்பு இருக்கு, சந்தோஷம் கூட வரும். காரணம் சொல்றதைக் கேக்கத்தான் தெம்பு இல்ல. நீங்க ஏன் பிழைச்சீங்கன்னு உங்களுக்கும் தெரியாது, அவர் ஏன் போனார்னு எனக்கும் தெரியாது. என்ன நடந்துச்சோ அதைச் சொல்லுங்க. யார் கூட இருந்தா, யார் கால் பிடிச்சு விட்டா, மூக்கு அரிச்சது, எல்லாம் சொல்லுங்க.

முடிஞ்சா ஒண்ணு பண்ணுங்க, மைக்ல சொல்றதுக்கு முன்னாடி அவங்களைப் போய்ப் பாருங்க. மன்னிப்பு கேக்க இல்ல, நீங்க ஒண்ணும் பண்ணல. இந்த மாதிரி கூட்டம் இருக்கு, நான் பேசப்போறேன்னு முன்கூட்டியே சொல்றதுக்கு. வரலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணிக்க அவங்களுக்கு நேரம் கிடைக்கும். அவங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லலாமான்னு கேளுங்க. எங்க சபையில அவர் போனதுக்கு அப்புறம் யாருமே என் கணவர் பேரைச் சொல்றதில்ல, சொன்னா நான் அழுவேன்னு பயப்படறாங்க. அழுவேன்தான். அதுக்காக சொல்லாம இருக்கணுமா.

கேள்வியின்நாயகன்22:

மேல இருக்கறதுக்கு அப்புறம் நான் சொல்ல ஒண்ணும் இல்ல.

மெதுவாநடப்பவள்:

உடனே பதில் எழுத முடியல, எல்லாரும் மன்னிக்கணும். கூட்டம் முடிஞ்சுடுச்சு, என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன், கேட்டுட்டுக் காணாமப் போறவங்களைப் பாத்தா எனக்கே கடுப்பா இருக்கும்.

முதல்ல அவங்களைப் போய்ப் பாத்தேன். வாசல்லயே நின்னு பேசினோம், உள்ள வாங்கன்னு கூப்பிடல, அஞ்சு நிமிஷம் கழிச்சுதான் கூப்பிட்டாங்க. பேரைச் சொல்லலாமான்னு கேட்டேன். யோசிச்சு சொல்றேன்னாங்க. முந்தின நாள் ராத்திரி மெசேஜ் வந்துச்சு, "சொல்லுங்க, நான் வரல, பையனை அனுப்பறேன்"னு. அவ்வளவுதான், அதுக்கு மேல நாங்க சிநேகிதிகளாயிட்டோம்னெல்லாம் இல்ல, அடுத்த ஞாயித்துக்கிழமை தலையாட்டினாங்க.

பாஸ்டர்கிட்ட போய், பூரண சுகம்னு என்னால சொல்ல முடியாது, உக்காந்துக்கிட்டுதான் பேசுவேன், காலையிலதான் பேசுவேன்னு சொன்னேன். பெத்சாயிதா கதையைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் சரிம்மான்னாரு. தாத்தா, உங்க புண்ணியம். வீட்டுக்காரருக்குத்தான் முகம் தொங்கிப் போச்சு. நியூராலஜிஸ்ட் ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனேன், அண்ணா சொன்ன மாதிரி. ஒரு பேப்பர்ல கேள்வியெல்லாம் எழுதி எடுத்துட்டு வந்திருக்கார், முன்பக்கம் பின்பக்கம் ரெண்டுலயும், எப்ப எழுதினார்னே தெரியல. டாக்டர் பொறுமையா எல்லாத்துக்கும் பதில் சொன்னாரு. வெளிய வந்து மனுஷன் கார்ல உக்காந்து அழுதார். இன்னும் ராத்திரி கை வெச்சுப் பாக்கறார், ஆனா இப்ப நான் "உயிரோடதான் இருக்கேன், படுங்க"ன்னு சொல்லிடறேன்.

பேசினது பத்து நிமிஷம் இருக்கும். ஐசியூல என்னால ஜெபம் பண்ண முடியல, எனக்குப் பதிலா நீங்க பண்ணீங்கன்னு சொன்னேன், அதைச் சொல்றப்ப குரல் உடைஞ்சுது, திட்டம் போட்டு வெச்சிருந்த இடம் அது இல்ல. அந்த பாட்டில் பத்திச் சொன்னேன், ஆயிரம் பேர்னதும் பின்னாடி ஒரு சலசலப்பு. கூட்டம் முடிஞ்சதும் ரெண்டு பசங்க வந்து பிளாஸ்மா எங்க குடுக்கறதுன்னு கேட்டாங்க. அவர் பேரைச் சொல்லி, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் ஜெபம் பண்ணீங்க, நான் இங்க இருக்கேன் அவர் இல்ல, எனக்குக் காரணம் தெரியாதுன்னு சொல்லிட்டு அதோட நிறுத்திட்டேன். ஆமென் வரல, அமைதியா இருந்துச்சு. ஒரு மூத்தவருக்குப் பிடிக்கல, விசுவாச வார்த்தை குறைவா இருந்துச்சுன்னு பிற்பாடு சொன்னாராம். சொல்லட்டும்.

மூக்கு கதையையும் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. மாமியார் கூட சிரிச்சாங்க, வீட்டுக்கு வந்து "அதுக்கு முன்னாடியே நீ மனசுக்குள்ள இயேசுவேன்னு சொன்ன, எனக்குத் தெரியும்"ன்னுட்டாங்க. அந்த வழக்கு அப்படியே நிக்குது.

பெரியவ வரல. நான் கூப்பிடவும் இல்ல. அவகிட்ட அப்படிச் சொன்ன ஜெபக்குழு ஆன்ட்டி, நான் பேசினதுக்கு அப்புறம் வீட்டுக்கு வந்து அவகிட்ட தனியா ஏதோ பேசினாங்க, என்னன்னு ரெண்டு பேரும் சொல்லல. தூக்கம் இன்னும் சரியில்ல, ஸ்கூல் கவுன்சிலர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கோம்.

நர்ஸ் தங்கச்சிக்கு ஒரு கேள்வி, சம்பந்தமில்லாததுதான். ஃப்ளூ ஊசி போட்டுக்கலாமா நான்? வீட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஊசியாலதான் ஜிபிஎஸ் வரும்னு ஒரு வாட்ஸ்அப் வேற சுத்துது.

நைட்டுடியூட்டி:

படிச்சிட்டு டியூட்டி ரூம்லயே அழுதுட்டேன் அக்கா, அதை விடுங்க.

ஊசி விஷயம்: அந்தப் பேச்சு 1976ல பன்றிக்காய்ச்சலுக்குப் போட்ட ஒரு ஊசியிலேருந்து வந்தது, அப்ப லட்சம் பேருக்கு ஒருத்தர் கணக்குல ஜிபிஎஸ் கூடுதலா வந்துச்சு. இப்ப இருக்க ஃப்ளூ ஊசியில அந்த அபாயம் இருந்தாலும் பத்து லட்சத்துக்கு ஒண்ணு ரெண்டு அளவுதான், ஃப்ளூ காய்ச்சலே வந்தாலும் ஜிபிஎஸ் வரலாம். உங்களுக்கு வந்தது வயித்துப்போக்குக்கு அப்புறம். ஃப்ளூ ஊசி போட்டு ஆறு வாரத்துக்குள்ள ஜிபிஎஸ் வந்திருந்தாத்தான் ரொம்ப யோசிப்பாங்க. ஆனாலும் நான் சொன்னேன்னு போய்ப் போட்டுக்காதீங்க, உங்க நியூராலஜிஸ்டைக் கேட்டுட்டுப் போடுங்க. உங்க வீட்டுக்காரர் பேப்பர்ல அடுத்த தடவைக்கு இதையும் எழுதச் சொல்லுங்க. அவரும் பிள்ளைங்களும் போட்டுக்கறதுக்குத் தடையே இல்ல, அவங்க போட்டுக்கிட்டா உங்களுக்கும் பாதுகாப்பு.